மலை நடைக்கோல்: எந்த மரம் என்பதா, எந்தத் தரை என்பதா?

ஜனவரி 9 – கேள்வி

மலைப்பாதைகளில் நடப்பதற்கு மரத்தாலான ஊன்றுகோல் ஒன்றை நானே செய்துகொள்ள விரும்புகிறேன். பாறை, சேறு, ஓடை, சரளைச் சரிவு ஆகிய அனைத்துக்கும் ஈடுகொடுக்கும் ஒரே மரம் எது? கனமான மரமே வலுவான மரம் என்பதால், கிடைப்பவற்றில் மிகக் கனமானதைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பது என் எண்ணம். அது சரியா?

ஜனவரி 9, இரவு

பாதி சரி. அடர்த்தி மிகுந்த மரம் பொதுவாக வலுவும் மிகுந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நடைக்கோல் ஓரிடத்தில் நட்டு வைக்கும் தூணன்று. தூக்கித் தூக்கி ஊன்ற வேண்டிய பொருள். நடையில் இரண்டு எட்டுக்கு ஒருமுறை ஊன்றினால் ஒரு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 700 முறை அதைத் தூக்குகிறோம். 25 மி.மீ. விட்டமும் 140 செ.மீ. நீளமும் கொண்ட ஆஷ் மரக் கோல் சுமார் 470 கிராம் இருக்கும். அதே அளவில் ஹிக்கரி மரக் கோல் 560 கிராமைத் தாண்டும். கையில் எடுத்துப் பார்க்கும்போது அற்பமாகத் தோன்றும் அந்த வேறுபாட்டைப் பிற்பகலில் தோள்பட்டை தெளிவாக எடுத்துச் சொல்லும்.

மரத்தின் பெயரை நான் மூன்றாவதாகத்தான் கேட்பேன். முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கம்புக்குள் இழை, அதாவது மரத்தின் நார், எப்படி ஓடுகிறது என்பது. இரண்டாவது, கோலின் கீழ்முனை எந்தத் தரையைத் தொடப்போகிறது என்பது. இந்த இரண்டுக்கும் விடை சரியாக இருந்தால் கொய்யாக் கிளையும் நன்றாக உழைக்கும். தவறாக இருந்தால் உயர்ந்த மரமும் முதல் சரிவிலேயே கைவிடும்.

ஜனவரி 10

இழையைப் பற்றி விரிவாக எழுதும்படி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

இளங்கன்றாகவோ நேரான கிளையாகவோ வளர்ந்த கம்பை அப்படியே பயன்படுத்தினால், அதன் இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும். பலகையிலிருந்து அறுத்தெடுத்த சட்டத்தில் அந்த உறுதி இல்லை. வாளுக்கு இழை தெரியாது. அது வரைந்த கோட்டையே பின்பற்றும். இழை சற்றே சாய்ந்திருந்தால், அது கோலின் பக்கவாட்டில் வெளியேறிவிடும். அந்த இடத்தில் மரத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது இழைகளின் வலுவன்று. ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடையிலுள்ள பிணைப்பு மட்டுமே.

இதற்கு அளந்தறிந்த கணக்கு உண்டு. 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு செ.மீ. என்ற அளவில் இழை சாய்ந்திருந்தால் வளைவு வலுவில் ஏறத்தாழ 93 விழுக்காடு எஞ்சும். 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு செ.மீ. சாய்ந்தால் 81 விழுக்காடு. 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு செ.மீ. என்றாகிவிட்டால் 55 விழுக்காடு மட்டுமே. திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் திறன் இன்னும் வேகமாகச் சரிகிறது: பத்துக்கு ஒன்று என்ற சாய்விலேயே அது 62 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. கால் வழுக்கும்போது கோலுக்குக் கிடைப்பது அதிர்ச்சிதானே தவிர, மெதுவாக ஏற்றப்படும் சுமை அன்று. ஆகவே நமக்குப் பொருந்துவது அதிர்ச்சிக்கான எண்தான்.

கடைசல் இயந்திரத்தில் உருட்டி விற்கப்படும் கம்புகளை நான் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான். அவை நேராகவும் வழுவழுப்பாகவும் இருக்கின்றன. இழை எங்கே வெளியேறுகிறது என்பதை அந்த வழுவழுப்பே மறைத்துவிடுகிறது. வாங்கத்தான் வேண்டுமென்றால் நல்ல வெளிச்சத்தில் கம்பை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். இழைக்கோடுகள் ஒரு பக்கத்தில் நீண்ட கூர்நாக்கு வடிவங்களாக முடிந்துகொண்டே போனால் அதைத் திரும்ப வைத்துவிடலாம். கோடுகள் முனை முதல் முனை வரை ஓடினால் எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் பொறுமையிழந்து பார்த்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பலகையைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் அறுப்பதற்குப் பதில் பிளக்கலாம். பிளவு இழையைத் தொடர்ந்தே செல்லும். கோல் சற்றுக் கோணலாக வரும். ஆனால் உள்ளே இழை அறுபட்டிருக்காது.

ஜனவரி 10, மீண்டும்

"கணுக்கள் நிறைந்த கோல்தான் அழகு" என்று எழுதியவருக்கு: அழகை நான் மறுக்கவில்லை. கணுவைச் சுற்றி இழை வளைந்து ஓடுவதால் அங்கே வலு குறையும். சிறிய, இறுக்கமான கணுக்கள் மேல் முனையிலோ கீழ் முனையிலோ இருந்தால் இடையூறில்லை. நடுப்பகுதியில், அதுவும் ஒரே வட்டத்தில் மூன்று கணுக்கள் அமைந்த கம்பைச் சுவரில் தொங்கவிடலாம்.

ஜனவரி 14

தடிமனைப் பற்றிய விவாதம் திசைமாறிப் போய்க்கொண்டிருப்பதால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

உருளை வடிவக் கம்பின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. முறியாமல் தாங்கும் வலு மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. எடை இரண்டாம் அடுக்கைப் பொறுத்தது. 25 மி.மீ. விட்டத்தை 28 மி.மீ. ஆக்கினால் எடை கால் பங்கு கூடும். விறைப்போ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். இதைப் புரிந்துகொண்டவர், கனமான மரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, மிதமான மரத்தில் மூன்று மில்லிமீட்டர் கூட்டிக்கொள்வார்.

மேலிருந்து அழுத்தும்போது கோல் நடுவில் பிதுங்கி வளைவதற்கான எல்லையும் இதே நான்காம் அடுக்கைச் சார்ந்தது. நடுத்தர விறைப்புள்ள மரத்தில், 140 செ.மீ. நீளமுள்ள முற்றிலும் நேரான கம்புக்கு 22 மி.மீ. விட்டத்தில் அந்த எல்லை ஏறத்தாழ 60 கிலோ, 25 மி.மீ. விட்டத்தில் சுமார் 100 கிலோ, 28 மி.மீ. விட்டத்தில் 150 கிலோவுக்கு மேல். முதுகில் பையுடன் சரிவில் தடுமாறும் ஒருவர் ஒரு கணம் தம் எடையின் பெரும்பகுதியைக் கோலின்மீது சாய்க்கக்கூடும். ஆகவே 22 மி.மீ. என்பது சமதரைக்கு உரியது. மலைக்கு 25 முதல் 28 வரை வேண்டும். இதற்கு மேல் தடித்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கச் சிரமப்படும். கோல் உலக்கைக்கு உறவாகிவிடும்.

மேல்பகுதியைத் தடிமனாக விட்டுக் கீழ்நோக்கிச் சற்றே மெலிதாக்குவது நல்லது. கையிலிருந்து தொலைவில் இருக்கும் எடைதான் வீச்சில் சோர்வைத் தருகிறது. இயற்கையாகவே கிளை ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருப்பதால், தடித்த முனையை மேலே வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஜனவரி 15

நேற்றுக் குறிப்பிட்ட எல்லைகள் முற்றிலும் நேரான கம்புக்கு உரியவை என்பதைப் பலர் கவனிக்கவில்லை போலும். "என் கம்பு கோணல், அப்படியானால் வீசிவிடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். கையையும் நுனியையும் இணைக்கும் கற்பனைக் கோட்டிலிருந்து நடுப்பகுதி இரண்டு செ.மீ. விலகியிருந்தால், நடக்கும்போது வழக்கமாக விழும் சுமைக்கு மரத்துக்குள் கூடும் அழுத்தம் மிகச் சிறிதே. வலுவைவிடத் தொல்லை தருவது வேறொன்று: ஒரே பக்கமாக வளைந்த கோல் ஊன்றும்போது உள்ளங்கைக்குள் திரும்பப் பார்க்கும். நாள் முழுவதும் அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டே நடந்தால் மணிக்கட்டு வலிக்கும். ஒரு பக்கம் வளைந்து உடனே மறுபக்கம் திரும்பும் பாம்பு நெளிவு இந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

ஜனவரி 22

வெட்டுவதும் உலர்த்துவதும்.

மரம் யாருடையதோ அவருடைய அனுமதி இல்லாமல் எதையும் வெட்டக் கூடாது. காப்புக் காடுகளில் வெட்டவே கூடாது. இதற்கு மேல் இதில் விவாதம் வேண்டாம்.

தரையில் விழுந்து கிடக்கும் காய்ந்த கிளையை எடுத்துக்கொள்வதுதான் இயற்கைக்கு உகந்தது என்று எழுதியிருப்பவரின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் ஈரத் தரையில் கிடந்த கிளைக்குள் பூஞ்சை புகுந்திருக்கும். நிறம் மாறுவதற்கு முன்பே அது அதிர்ச்சியைத் தாங்கும் திறனைத் தின்றுவிடும். பார்வைக்கு முழுமையாகவும் தட்டினால் திடமாகவும் இருக்கும் கம்பு, ஊன்றிய வேகத்தில் சுண்ணக்கட்டியைப் போல் பட்டென்று இரண்டாகும். நல்ல மரம் முறியும்போது நீண்ட சிராய்களை விட்டு, சத்தமிட்டு, எச்சரித்து முறியும். எடுத்த கிளையின் முனையில் ஒரு சாண் துண்டை முறித்துப் பாருங்கள். முறிவு தட்டையாக இருந்தால் அது விறகு.

பச்சையாக வெட்டியதை உடனே நிழலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெட்டுமுகத்தின் வழியே ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் முனைகள் முதலில் சுருங்கி வெடிக்கும். இரு முனைகளையும் உருக்கிய மெழுகிலோ கெட்டியான வண்ணப்பூச்சிலோ மூடிவிடுவதோடு, தேவையான நீளத்தைவிட ஒரு சாணாவது கூடுதலாக விட்டு வெட்டுவதும் என் வழக்கம். வெடிப்பு வந்தாலும் அந்தக் கூடுதல் பகுதியோடு போய்விடும்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. ஆரத்தின் திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வளையங்களின் திசையில் சுருங்கும். நடுவில் சோறு என்னும் மென்மையான உட்பகுதியுள்ள முழுக்கம்பு வெடிப்பதற்குக் காரணம் இந்த வேற்றுமையே. பட்டையோடு உலர்த்தினால் சுருக்கம் மெதுவாக நடப்பதால் வெடிப்பு குறையும். பட்டைக்கடியில் வண்டு குடியேறும் வாய்ப்பு கூடும். நான் முதல் சில வாரங்கள் பட்டையை வைத்திருந்து பிறகு உரிக்கிறேன். வெளியிலேயே காற்றாட உலர்த்தும்போது ஒவ்வோர் 25 மி.மீ. தடிமனுக்கும் ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. எடை பார்ப்பது அதைவிட நம்பகமானது: வாரந்தோறும் எடை போட்டுப் பார்த்து, எடை குறைவது நின்றுவிட்டால் வேலையைத் தொடங்கலாம்.

ஜனவரி 23

வெயிலில் வைத்தால் விரைவில் உலருமே என்பவருக்கு: உலரும். வெடிப்பும் விரைவில் வரும்.

பிப்ரவரி 2

கோணலை நிமிர்த்துவது பற்றிக் கேட்டிருந்தார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகும். கொதிக்கும் நீரின் ஆவியில் ஒவ்வோர் 25 மி.மீ. தடிமனுக்கும் சுமார் ஒரு மணி நேரம் வைத்தெடுத்து, சூடு ஆறுவதற்குள் நேராக்கி, ஆறும் வரை கட்டிவைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் கிடைப்பது ஓரிரு நிமிடங்கள்தான். கயிறு எங்கே என்று அப்போது தேடக் கூடாது. நேர்க்கோட்டைச் சற்றே தாண்டி மறுபக்கம் வளைத்துக் கட்டுங்கள், ஏனெனில் அவிழ்த்ததும் கொஞ்சம் பின்வாங்கும். முழுவதும் உலர்ந்த மரத்தைவிட அரை ஈரமுள்ள மரம் இதற்கு எளிதில் இணங்கும். சூளையில் உலர்த்திய மரம் பிடிவாதக்காரர்.

நெருப்பின்மேல் நேரடியாக வாட்டுவதும் உண்டு. தீய்ந்துவிடும் என்ற அச்சத்தோடு செய்தால் போதுமான சூடு உள்ளே இறங்காது. அச்சமின்றிச் செய்தால் தீய்ந்துவிடும். நான் ஆவியோடு நின்றுவிட்டேன்.

பிப்ரவரி 3

மூங்கிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்ற குறை நியாயமானது. மூங்கில் மரமன்று, புல் என்று சொல்லி அதை ஒதுக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 மி.மீ. வெளிவிட்டமும் 16 மி.மீ. உள்விட்டமும் உடைய குழாயை, அதே வெளிவிட்டமுள்ள திண்மக் கம்போடு ஒப்பிட்டால், எடை 28 விழுக்காடு குறைகிறது. விறைப்போ 8 விழுக்காடு மட்டுமே குறைகிறது. அத்துடன் மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலுக்கு அருகில்தான் நெருக்கமாக உள்ளன. ஆகவே அழகுக்காகத் தோலைச் சீவுவது, அதன் சிறந்த பகுதியைச் சீவி எறிவதாகும்.

அதன் பலவீனம் பிளவு. கோலின் அடி, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே முடியும்படி வெட்ட வேண்டும். அப்போது குழாயின் வாயைக் கணுவின் தடுப்பே மூடியிருக்கும். கூர்முனை பொருத்த வேண்டுமானால் பொந்துக்குள் மரக்கட்டையை இறக்கி ஒட்டி, வெளியே பூண், அதாவது உலோக வளையம், மாட்ட வேண்டும். கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் மெழுகு பூசிய நூலை நெருக்கமாகச் சுற்றினால் பிளவு தோன்றினாலும் பரவாது. ஓராண்டுக் குருத்தை வெட்டிப் பயனில்லை. மூன்று முதல் ஐந்தாண்டு முற்றியதே உழைக்கும். மாவுச்சத்தைத் தேடி வரும் துளைவண்டுகளைத் தடுக்க போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த நீரில் ஊறவைப்பது வழக்கம்.

பிரம்பைப் பற்றியும் கேட்டார்கள். உடையாது, ஆனால் வளையும். சாய்ந்து நிற்க நினைப்பவருக்கு அது வளைந்துகொடுப்பது மரியாதையாகத் தோன்றாது.

பிப்ரவரி 17

இனி நுனி. நிலத்துக்கேற்ற மாற்றம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி கோலின் கடைசி ஐந்து செ.மீ. நீளத்தில்தான் நடக்கிறது. கோலின் உடலை ஒன்றாக வைத்துக்கொண்டு அதன் பாதத்தை மாற்றுங்கள் என்பதே இந்த உரையாடல் முழுவதும் நான் சொல்ல முயல்வது.

பூணே இல்லாத மரநுனி சருகும் மண்ணும் கலந்த காட்டுப் பாதையில் மிக இனிமையாக நடக்கும், சத்தமிடாது. ஆனால் இழைமுனைகள் நீரை உறிஞ்சி, கல்லில் மோதி, விளக்குமாற்றைப்போல் விரியும். அதைத் தடுக்கத்தான் பூண். பித்தளை, செம்பு, எஃகு எதுவானாலும் சரி, குழாய்த் துண்டு நான்கைந்து செ.மீ. நீளமாவது இருக்கட்டும். கோலின் அடியைப் பூணின் உள்விட்டத்துக்கு அரத்தால் இறக்கி, பூணின் வெளிப்பரப்பும் மரமும் ஒரே மட்டமாக அமையும்படி செய்ய வேண்டும். மேலே ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் அது கற்களின் இடுக்கில் மாட்டும். எபாக்சிப் பசை வைத்து ஒட்டியபின் குறுக்கே ஒரு மெல்லிய ஆணி. ஒட்டுவதற்கு முன் இழைமுனைகளில் மெல்லிய எபாக்சியை ஊறவிட்டால் நீர் உள்ளே ஏறாது.

அந்தப் பூணுக்குள், கோலின் மையத்தில் துளையிட்டு, உள்மரையுள்ள உலோகக் குழலொன்றைப் பதித்துவிட்டால் பாதங்களைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். 10 மி.மீ. மரை போதும். பூண் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. முதல் பக்கவாட்டு அழுத்தத்திலேயே மரம் பிளந்துவிடும்.

பாறை: உலர்ந்த பாறையில் ரப்பர் புஷ், அதாவது நுனியில் மாட்டும் ரப்பர் மூடி, நன்றாகப் பிடிக்கும், பாறையைக் கீறாது, அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். புஷ்ஷுக்குள் ஒரு வாஷரைப் போட்டு மாட்டினால் கோலின் விளிம்பு ரப்பரை வெட்டிக்கொண்டு வெளியே வருவது தள்ளிப்போகும். சாதாரண எஃகு முனை கடினப் பாறையில் சறுக்குவதற்கான காரணம் எளிது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. சாதாரண எஃகு அதற்குக் கீழே நிற்கிறது. எஃகு கல்லைக் கடிக்காது, கல்தான் எஃகைத் தேய்க்கும். டங்ஸ்டன் கார்பைடு ஏறத்தாழ 9 என்பதால் அதன் சிறு முனை கல்லில் பற்றும்.

சேறும் மணலும்: கூர்முனை இங்கே எதிரி. ஊன்றினால் இறங்கிக்கொண்டே போகும், இழுத்தால் வராது. எட்டுப் பத்து செ.மீ. அகலமுள்ள தடித்த தோல் வட்டத்தையோ பிளாஸ்டிக் வட்டையோ முனைக்குச் சற்று மேலே மாட்ட வேண்டும். மென்பனிக்கும் இதே வட்டு பொருந்தும். உறைந்த பனிக்கட்டிக்கு மட்டும் கூரான எஃகு.

ஓடை: வட்டைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் நீரோட்டம் அதைப் பிடித்து இழுக்கும். ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, கோலை நீர் வரும் பக்கத்தில் ஊன்றி, இரு கால்கள், கோல் ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும். இங்கே நீளமும் விறைப்புமே உதவுகின்றன. இறங்குவதற்கு முன் ஆழம் பார்க்கக் கீழிருந்து பத்துப் பத்து செ.மீ. அளவில் சூட்டுக்கோலால் கோடிட்டு வைத்துக்கொள்ளலாம்.

சரளைச் சரிவு: எந்தப் பாதமும் நம்பகமானதன்று. மொட்டையான எஃகு முனை ஓரளவு உதவும்.

பிப்ரவரி 19

ரப்பரை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டேனோ என்று தோன்றுவதால் ஒரு வரையறை: ஈரமான, பாசி படர்ந்த பாறையில் ரப்பர் பயன்படாது. பாசிப் படலத்தைத் துளைத்துக் கல்லைத் தொடுவது கூரான முனைதான். ஆகவே ஓடையோரப் பாறைகளுக்கு கார்பைடு. உச்சியின் உலர்ந்த பாறைகளுக்கு ரப்பர். ஒரே நாளில் இரண்டும் வரும்; அதனால்தான் கார்பைடு முனையின்மேலேயே மாட்டிக் கழற்றக்கூடிய ரப்பர் புஷ்ஷை நான் விரும்புகிறேன். சட்டைப்பையில் போட்ட புஷ்ஷைத் தொலைக்காமல் திரும்புவது தனிக் கலை.

கற்பாதையில் உலோக முனை எழுப்பும் "டக், டக்" ஓசை வனவிலங்குகளை விலக்கும் என்றொருவர் எழுதியிருக்கிறார். உடன் நடப்பவர்களை நிச்சயமாக விலக்கும்.

மார்ச் 1

நீளம். முழங்கையை நேர்கோணத்தில் மடக்கியபோது கை இருக்கும் உயரமே சமதரைக்கு உகந்தது. உலோகக் கோல்களுக்கு உயரத்தை 0.68 ஆல் பெருக்குமாறு சொல்வார்கள். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 116 செ.மீ. ஏற்றத்தில் ஐந்து முதல் பத்து செ.மீ. குறைய வேண்டும், இறக்கத்தில் அதே அளவு கூட வேண்டும். மரக்கோலை நீட்டவோ குறுக்கவோ முடியாது என்பதையே அதன் பெருங்குறையாகச் சொல்கிறார்கள். ஆனால் கோல் நீளாவிட்டாலும் கை இறங்கி ஏறலாமே. 135 அல்லது 140 செ.மீ. நீளத்தில் செய்து, 105 முதல் 130 வரையுள்ள பகுதி முழுவதையும் பிடிக்கத்தக்கதாக ஆக்கிவிட்டால், எந்தத் திருகையும் தொடாமல் ஒரே அடியில் அளவை மாற்றலாம்.

பருத்திக் கயிற்றை ஒரே தடிமனில் நெடுகச் சுற்றினால் கை வழுக்கும். இரண்டு மூன்று இடங்களில் ஒவ்வொரு சுற்றுக்கு அடியிலும் கயிற்றை இரட்டித்துச் சிறு மேடுகளை அமைத்தால், பார்க்காமலேயே விரல் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். தோல் உறை கைக்கு இதமானது. மழையில் நனைந்தால் இளகிச் சுழலும்.

உச்சியில் திசைகாட்டியைப் பதிக்கும் ஆசை பலருக்கு உண்டு. செங்குத்தான இறக்கத்தில் கோலின் தலைமேல் உள்ளங்கையை வைத்துத்தான் இறங்குவோம். அங்கே கண்ணாடிச் சில்லு இருப்பதைவிட உருட்டிய மரக்குமிழ் இருப்பது மேல். வடக்கு எங்கே என்பதைச் சட்டைப்பையும் காட்டும்.

மார்ச் 2

மணிக்கட்டு வாருக்கான துளை எங்கே இட வேண்டும் என்ற கேள்விக்கு: கைப்பிடிக்கு மேலே. கைக்கு மேலுள்ள மரத்தில் வளைவு அழுத்தம் ஏறக்குறைய இல்லை. கைக்குக் கீழே அது கூடிக்கொண்டே போகிறது. பிடிக்கும் இடத்துக்குக் கீழே எட்டு மி.மீ. துளையிட்டவர், கோல் எங்கே முறிய வேண்டும் என்பதைத் தாமே குறித்துக் கொடுத்திருக்கிறார். ஓடையிலும் சரளைச் சரிவிலும் வாரிலிருந்து கையை விடுவித்துக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்ட கோல் கையையும் சேர்த்து இழுக்கும்.

மார்ச் 8

சிறிது வழி விலகிச் செல்கிறேன்.

1786 ஆகஸ்ட் 8 அன்று மிஷேல் பக்கார், ஜாக் பால்மா ஆகிய இருவரும் முதன்முதலாக ஆல்ப்ஸின் மோன் பிளாங் உச்சியை அடைந்தபோது அவர்களிடம் கயிறும் இல்லை, பனிக்கோடரியும் இல்லை. இரும்பு முனை பொருத்திய நீண்ட மரக்கோல்களே இருந்தன. ஆல்ப்ஸ் மேய்ப்பர்கள் பயன்படுத்திய அந்த ஆல்பென்ஸ்டாக் ஆளுயரத்தையும் தாண்டும். நீளமான கோல் வேண்டாம் என்று இங்கே வாதிடுபவர்கள், அது பனிப்பிளவுகளை ஆராய்வதற்கும் சரிவில் பின்னால் ஊன்றிச் சறுக்கி இறங்குவதற்கும் உரியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த நிலத்துக்கு அந்த நீளம். அடர்ந்த புதர்க்காட்டில் அதே கோல் ஒவ்வொரு கிளையிலும் மாட்டும்.

அலங்காரம் பற்றிய பேச்சில், கத்தியால் கீறினால் வலு குறையுமே என்று ஒருவர் கவலைப்பட்டார். அரை மி.மீ. கீறலும் வளைவு மிகுந்த இடத்தில் தொடக்கப்புள்ளியாகக் கூடும் என்பதால் கவலை சரிதான். பாஸ்க் நாட்டு மக்கிலா கோலைச் செய்பவர்கள் இதற்கு அருமையான வழி கண்டிருக்கிறார்கள். மெட்லர் மரத்தின் கிளை உயிரோடிருக்கும்போதே வசந்தத்தில் அதன் பட்டையைக் கீறிவிடுகிறார்கள். வளர்ச்சியில் அந்தக் காயம் ஆறிப் புடைத்த வடிவமாகிறது. பிறகு குளிர்காலத்தில் வெட்டி உலர்த்துகிறார்கள். மரத்தைச் செதுக்கி உருவம் எடுப்பதற்குப் பதில் மரத்தையே உருவம் போட வைக்கிறார்கள். பொறுமை உள்ளவர்கள் தங்கள் தோட்டத்தில் முயலலாம். எனக்கு இல்லை.

மார்ச் 20

பூச்சு. வார்னிஷ் பார்வைக்கு நன்றாக இருக்கும். கைபடும் இடத்தில் வியர்வையோடு வழுக்கும், கொப்புளம் எழுப்பும், கல்லில் பட்ட இடத்தில் உரியும், உரிந்த இடத்தின் வழியே நீர் புகுந்தபின் சுற்றிலும் பெயரும். எண்ணெய் அவ்வாறு உரிவதில்லை. தேய்ந்த இடத்தில் மீண்டும் தடவினால் போதும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மீண்டும் தடவ வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு போகாது. எண்ணெய் ஈரத்தை முற்றிலும் தடுக்காது, தாமதப்படுத்தும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து கெட்டியாகும்போது வெப்பம் வெளியாகிறது; சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பற்றும். திறந்தவெளியில் விரித்துக் காயவிடலாம், அல்லது நீரில் முக்கி வைக்கலாம்.

பூசுவதற்கு முன் சோதனை. இரு முனைகளையும் 130 செ.மீ. இடைவெளியுள்ள தாங்கிகளில் வைத்து, நடுவில் 20 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். 25 மி.மீ. விட்டமுள்ள நல்ல கோல் ஏறத்தாழ நான்கு, நான்கரை செ.மீ. வளைந்து, எடையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். கோலைச் சுழற்றி நான்கு பக்கமும் பாருங்கள். ஏதேனும் ஒரு பக்கத்தில் சிறு முனகல் கேட்டாலும் அதை மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவர் தம் கோலைப் பற்றி எழுதியிருக்கிறார்: கொய்யாக் கிளை, 27 மி.மீ., செம்புப் பூண், கார்பைடு முனை. சோதனையில் தேறியது, ஈரமான பாதையில் நன்றாக நடந்தது, வறண்ட காலம் தொடங்கியதும் பூண் சுற்றத் தொடங்கிவிட்டதாம். ஒட்டும்போது அவர் குறுக்காணி போடவில்லை. மரம் முழுவதும் உலர்வதற்கு முன்பே பூணை மாட்டியிருக்கிறார் என்பது என் ஊகம். உலோகம் சுருங்காது, மரம் சுருங்கியிருக்கிறது.

கோலை நீரில் ஊறவைத்தால் இறுகிவிடும் என்று மற்றொருவர் தந்திருக்கும் யோசனையை ஏற்க வேண்டாம். ஊறிய மரம் பூணுக்குள் விரிய இடமின்றித் தன் இழைகளையே நசுக்கிக்கொள்ளும். மீண்டும் உலரும்போது முன்பைவிடச் சிறுத்துவிடும். முனையைத் திருகிக் கழற்றி, பூணை மிதமாகச் சூடாக்கினால் பழைய எபாக்சி இளகி அது வெளியே வரும். பழைய பிசினைச் சுரண்டி, சில வாரங்கள் கோலை நிழலில் நிறுத்தி, எடை குறைவது நின்ற பிறகு, இடைவெளிக்கு மெல்லிய நூலைப் பிசினில் தோய்த்துச் சுற்றி மீண்டும் பூணை ஏற்றுங்கள். பூணின் நடுவே 2 மி.மீ. துளையிட்டு, செம்பாணியை இருபுறமும் தட்டி மழுக்கிவிடுங்கள். உள்ளே மரைக்குழல் இருப்பதால் துளையை அதற்கு மேலே வைக்க வேண்டும்.